இரும்புக்கு மூச்சு வாங்குது

ஊரில் அவருக்கு இரும்பு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டைக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, அதை யாரும் தட்டி எழுப்பியதில்லை. நேரில் பேசும்போது மட்டும் மாஸ்டர்.

கடைவீதி முடிகிற இடத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை ஒன்றில் மாஸ்டர் ஜிம் வைத்திருந்தார். உள்ளே காலை வைத்தால் முதலில் வந்து கட்டிப்பிடிப்பது நாற்றம்தான். ஊர்ப்பட்ட அக்குளைப் பிழிந்து அந்தச் சாற்றில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். பெஞ்சு மெத்தையின் கிழிசலில் யார் யாருடைய வியர்வையோ ஊறிப் புளித்துக் கிடக்கும். துண்டு விரிக்காமல் படுக்கிறவனை மாஸ்டர் காதைப் பிடித்து எழுப்புவார்.

"நீ படுத்து எந்திரிச்ச இடத்துல மீன் வளர்க்கலாம்டா. தொடைச்சிட்டுப் போ."

ஜிம்முக்கு விளம்பரப் பலகை கிடையாது. மாஸ்டருடைய உடம்புதான் பலகை. பனியனோடு வாசலில் நின்று சும்மா தலையைச் சொறிந்தாலே போதும், கையில் ஒரு பந்து ஏறி இறங்கும், தெருவில் போகிறவன் தன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வான்.

நோய் வந்தது, ஊர் மூடியது, ஜிம்மும் மூடியது. வகுப்பு செல்போனுக்குள் குடியேறியது. காலையில் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக எல்லாரும் முளைப்பார்கள். டீச்சரம்மா சாப்பாட்டு மேசையை நகர்த்திவிட்டு நிற்பார். பல் டாக்டர் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நண்டு மாதிரி பக்கவாட்டில் குதிப்பார். பேக்கரிக்காரர் போனை மாவு மூட்டையில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படியிலேயே நிற்பார். மாஸ்டரைவிட வயதில் பெரியவர், மனைவி இல்லை, ஒரு மகள். ஜிம்மில் மாஸ்டருக்கு ரொம்பப் பிடித்த மாணவர் அவர்தான், அதனால் அதிகம் திட்டு வாங்குகிறவரும் அவர்தான்.

மாஸ்டருடைய கற்பிக்கும் முறையே திட்டுதான். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஆளுக்கு ஒரு திட்டு, என்றைக்கும் அதே திட்டு. "டீச்சரம்மா, முட்டி வெளிய போகுது!" "டாக்டரே, இடுப்புக்கு என்ன பூட்டா போட்டிருக்கு?" "பேக்கரி அண்ணே, ஏமாத்தாதீங்க, இன்னும் ஒண்ணு!" பேக்கரிக்காரருக்குக் கடைசி ஒன்றை மட்டும் முழுங்கிவிடுகிற பழக்கம் இருந்தது.

அப்புறம் இரும்புக்குக் காய்ச்சல் வந்தது.

வேடிக்கையைப் பாருங்கள், அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஊரார் மூக்கில் குச்சி விடுகிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் சளியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டில் பாதாமை எண்ணித் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு வந்தது. மனைவி அவரை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். தட்டைக் காலால் உள்ளே தள்ளினாள். "குப்புறப் படுங்க. மல்லாக்கப் படுத்தீங்கன்னா உள்ள வந்து முதுகுல ஏறி உக்காந்துடுவேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்து மிரட்டினாள். வேலைக்குப் போகிற நேரம் தவிர அந்தக் கதவடியிலேயே பாயைப் போட்டுப் படுத்துக் கிடந்தவளும் அவள்தான்.

காய்ச்சல் இறங்கி, சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த அன்று மாஸ்டர் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். யாரோ ஒரு நோஞ்சான் இரும்புடைய தோலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது. நெஞ்சு தொங்கியது. வயிற்றில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது, அதைத் தொட்டுப் பார்த்தார், பிசைந்து வைத்த மாவு மாதிரி குளுகுளுவென்று இருந்தது. கையை உதறிக்கொண்டார். குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் வண்டி இழுத்த மாடு மாதிரி மூச்சு வாங்கியது.

மூக்கு வேறு கோணலாகத் திரும்பி வந்திருந்தது. பாலைக் கொதிக்க வைத்தால் டயர் எரிகிற வாடை. முட்டையை உடைத்தால் சாக்கடை. வேலை முடிந்து வந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள், அவள் தலைமுடியில் செத்த எலி நாறியது. மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன, நான் அவ்வளவு நாறுறேனா?"

"இல்லம்மா, மூக்குதான் கெட்டுக் கிடக்கு."

"தலைக்குக் குளிச்சிட்டு வந்தேங்க."

"அதான் சொல்றேன்ல, மூக்கு."

அவள் எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவரை இன்னும் அருவருக்க வைத்தது. அவளை இல்லை, தன்னை.

அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. இந்தத் தொளதொளப்பைக் கட்டங்களுக்குள் இருக்கிற அந்தச் சனம் பார்த்துவிட்டால் இரும்பு அன்றோடு செத்தது. அப்புறம் யார் முட்டியைப் பற்றி யார் பேசுவது?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்போது ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தார்கள். ஆன்லைன் வகுப்பில் தாங்கள் கவனமாகத் தலையாட்டுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அதைக் கேமராவுக்குப் பதிலாக ஓடவிட்டுவிட்டு, கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார்கள். மாடி வீட்டுப் பெண் இதைச் செய்து மாட்டிக்கொண்டு அடி வாங்கியதை மாஸ்டர் காதாலேயே கேட்டிருந்தார். அடி வாங்கினது அவருக்கு மறந்துவிட்டது, வித்தை மட்டும் ஞாபகம் இருந்தது. காய்ச்சலுக்கு முன்னால் நடத்திய வகுப்புகள் கணினியில் பதிவாகிக் கிடந்தன. ஒன்றை எடுத்து ஓடவிட்டார். வீடியோவின் சத்தம் மட்டும் போகிற மாதிரி வைத்துவிட்டுத் தன் மைக்கை மூடினார். சோபாவில் சாய்ந்தார்.

திரையில் பழைய இரும்பு பளபளவென்று குதித்தார். "டீச்சரம்மா, முட்டி வெளிய போகுது!" என்றார். டீச்சரம்மா உடனே முட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார். "டாக்டரே, இடுப்புக்கு என்ன பூட்டா?" டாக்டர் இடுப்பை இறக்கினார். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? திட்டு எப்போதும் ஒன்றுதானே. மாஸ்டர் சோபாவில் அழுக்குப் பனியனோடு கால் நீட்டிப் படுத்து, தன் திறமையை நினைத்துச் சிரித்தார். சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது.

மனைவி ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது இதைப் பார்த்துவிட்டாள். திரையில் குதிக்கிறவரைப் பார்த்தாள், சோபாவில் கிடக்கிறவரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. அவரு சம்பாதிக்கிறாரு, நீங்க சாப்பிடுறீங்க. அப்ப நான் எவரு பொண்டாட்டி?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. மூச்சு சரியாகட்டும்."

"அங்க ஒருத்தர் கீழ விழுந்தா உங்க வீடியோ குனிஞ்சு தூக்குமா?"

"வீட்டுக்குள்ள நின்னு குதிக்கிறாங்க, யாரு விழப்போறா. நீ கிளம்பு, நேரமாச்சு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பேக்கரிக்காரர் சில வாரங்களாக வகுப்புக்கு வரவில்லை. ஆள் இல்லாத நாட்களிலும் திரைக்குள் இருந்தவர் அவரைத் திட்டத்தான் செய்தார், பழக்கதோஷம் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். வெளியூரில் மாவு மில் வேலை என்று செய்தி அனுப்பியிருந்தார். அதுவும் புளுகுதான். அவருக்கும் வந்திருந்தது. காய்ச்சல் வந்த வீட்டு ரொட்டியை எவன் வாயில் வைப்பான் என்று பயந்து, மகளைத் தவிர ஒருத்தருக்கும் மூச்சு விடாமல் அடுப்படிக்குப் பின்னால் கிடந்திருக்கிறார். கொஞ்சம் தேறியதும், உடம்பைத் தேற்ற மாஸ்டரை விட்டால் யார் என்று, கட்டத்துக்குள் திரும்ப வந்து நின்றார். ஒரு பொய் அந்தப் பக்கம், ஒரு பொய் இந்தப் பக்கம், நடுவில் ஒரு மாவு மூட்டை.

மாஸ்டருக்கு அவரைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆளைக் கொஞ்சம் வெளுப்பாகத்தான் பார்த்தார். மாவு என்று நினைத்துக்கொண்டார்.

திரையில் பழைய இரும்பு உட்கார்ந்து எழும் பயிற்சியை ஆரம்பித்தார். பேக்கரிக்காரர் கூடவே உட்கார்ந்தார், எழுந்தார். வாய் திறந்து கிடந்தது. உதடு ஈரல் நிறத்துக்குப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோபாவில் கிடந்த மாஸ்டர் தலையைத் தூக்கினார். அந்த நிறத்தை அவர் உள்ளறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். மாவு இல்லை அது.

சரியாக அந்த நேரத்தில் திரைக்குள் இருந்த இரும்பு விரலை நீட்டினார்.

"பேக்கரி அண்ணே, ஏமாத்தாதீங்க! இன்னும் ஒண்ணு!"

பேக்கரிக்காரர் சுவரை விட்டார். வாத்தியார் கண்ணில் பட்டுவிட்ட பையன் மாதிரி ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். உட்கார்ந்தார். எழவில்லை. அப்படியே முன்னால் சரிந்தார். மாவு மூட்டை சரிந்து, போன் விழுந்து, கட்டம் முழுக்க வெள்ளைப் புகை, அப்புறம் கூரை.

"அப்படித்தான்! சபாஷ்!" என்றார் திரைக்குள் இருந்தவர்.

மாஸ்டர் சோபாவிலிருந்து எழுந்தார். ஓடிப்போய் மைக்கைத் திறந்தார். முதலில் போனது இருமல்தான். திரையில் ஒரு இரும்பு முத்துப்பல் தெரியக் குதிக்க, இன்னொரு இரும்பின் இருமல் எல்லார் வீட்டுக்குள்ளும் கேட்டது.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

"நிறுத்தாதீங்க! விடாதீங்க!" என்றார் திரைக்குள் இருந்தவர்.

டீச்சரம்மா பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றார். "மாஸ்டர், எதைக் கேக்குறது?"

மாஸ்டர் வீடியோவை அணைத்தார். கேமரா திறந்துகொண்டது. எச்சில் கறை படிந்த பனியன், தாடி, தொங்குகிற நெஞ்சு, மடிப்பு விழுந்த வயிறு, எல்லாம் கட்டம் கொள்ளாமல் வந்து நின்றது. பல் டாக்டர் "ஐயய்யோ" என்றார். ஆள் யாரென்று தெரிவதற்கே அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பேக்கரி அண்ணன் விழுந்துட்டாரு. டாக்டரே, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. பாப்பா! அடுப்படிக்கு வா பாப்பா, அப்பாவைப் பாரு!"

மகள் ஓடிவந்து போனை எடுத்தாள். முகமெல்லாம் மாவும் கண்ணீருமாகக் குழைந்திருந்தது. "மாஸ்டர், அப்பா கண்ணைத் தொறக்குறாரு, ஆனா பேச்சு வரல. சொல்லக் கூடாதுன்னாரு மாஸ்டர், அப்பாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு."

"தெரியும்மா. நெஞ்சுக்கடியில தலகாணி வை. குப்புறத் திருப்பு, தலை ஒரு பக்கம் சாஞ்சிருக்கட்டும். கதவு ஜன்னலெல்லாம் தொற. நான் வர்றேன்."

வீட்டில் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பனியனோடே, வெறுங்காலோடே இறங்கினார். போகிற வழியில் மனைவிக்குப் போன் போட்டார். "நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சும்மா" என்றார். அவள் ஒரு வசவும் வைக்கவில்லை. "ஆஸ்பத்திரி வாசல்ல நான் நிக்கிறேன். நீங்க ஓடாதீங்க. ஓடாதீங்கன்னு சொல்றேன்ல" என்றாள்.

ஓட முடிந்தால்தானே. பேக்கரி அடுத்த தெரு. கூப்பிட்டால் கேட்கிற தூரம். மாஸ்டர் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்றார், அடுத்த கம்பம் வரை நடந்தார், அதைக் கட்டிக்கொண்டார். தெருமுனையில் சாக்கடை ஓரமாக உட்கார்ந்தே விட்டார். எவனோ கழற்றி எறிந்த முகக்கவசம் ஒன்று மூக்குச்சளியோடு காலுக்கடியில் ஒட்டியது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"அது இரும்பு இல்ல?"

"சேச்சே. யாரோ குடிகாரன்."

மாஸ்டர் காதில் விழுந்தது. கவசத்தை உள்ளங்காலிலிருந்து பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

அவர் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸும் வந்திருந்தது. கருவி காட்டிய எண்ணைப் பார்த்து ஆம்புலன்ஸ்காரர் முகம் மாறியது. பேக்கரிக்காரரைத் தூக்கும்போது அவர் மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு காற்றுக் குழாய்க்கு நடுவில் ஏதோ சொன்னார். மாஸ்டர் காதைக் கொண்டுபோனார்.

"நான்... ஏமாத்தல மாஸ்டர்."

"தெரியும்ணே. அது நான் இல்லண்ணே." அப்படிச் சொன்னதும் அதுவும் சமாளிப்பாகப் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னார். "நான்தான்ணே. நான்தான் ஏமாத்துனேன்."

வண்டியில் ஏற அவருக்கு இடம் கொடுக்கவில்லை. ஒருத்தர்தான் என்றார்கள், மகள் ஏறிக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ரொம்ப நாள் ஆனது. வகுப்பில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். பல் டாக்டர் போகும்போது, "வீடியோவுக்குக் கூழைக்கும்பிடு போட்டு முட்டியைத் தேச்சிருக்கோம், தூ" என்று குழுவிலேயே எழுதிவிட்டுப் போனார். மிஞ்சியவர்களுக்கு மாஸ்டர் பனியனோடு, வயிற்றோடு, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார். பார்க்கச் சகிக்காது. டீச்சரம்மா மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

பேக்கரிக்காரர் வீடு திரும்பியதும் மாஸ்டர் தினமும் காலையில் அவரை நடக்கக் கூட்டிப்போனார். கூப்பிடப் போவதே அவருக்குத் தண்டனை. அடுப்பிலிருந்து மகள் ரொட்டியை வெளியே எடுக்கிற நேரம் அது. ஊருக்கெல்லாம் அது எச்சில் ஊறுகிற வாசம். மாஸ்டர் மூக்குக்குப் பிணவறை. மூச்சை அடக்கிக்கொண்டு வாசலில் நிற்பார், அவருக்கு இருக்கிற நுரையீரலில் எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

இரண்டு பேரும் தெருவில் கிழட்டு ஆமைகள் மாதிரி ஊர்ந்தார்கள். ஒருநாள் நாலு வீடு தாண்டியதும் மாஸ்டர் சாக்கடையைப் பார்த்துக் குனிந்து வாந்தி எடுத்தார். பேக்கரிக்காரர் தன் மூச்சையே பிடித்து வைக்க முடியாமல், ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் முதுகைத் தடவிவிட்டார்.

"ஏன் மாஸ்டர், எம் மூஞ்சியப் பாத்தா அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

"மூஞ்சி இல்லண்ணே. உங்க ரொட்டி."

"அடப்பாவி! ஊர்ல ஒருத்தன் சொன்னதில்ல."

"ஊர்ல எவனுக்கும் என் மூக்கு இல்ல."

"அப்ப நாளையிலேர்ந்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. நான் வர்றேன்."

"நீங்க படி இறங்கும்போது யாரு புடிக்கிறது?"

மாஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். பேக்கரிக்காரர் அந்தக் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்தக் கை வேணாம் மாஸ்டர். தொடைச்சீங்கல்ல, அந்தக் கை அது. மத்ததைக் குடுங்க."