கடைசி டப்பாவில் விட்ட புளி

போன கிழமை என் தம்பியின் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் சமைத்து வாழையிலையில் படைப்போம் அல்லவா? மீன், இறைச்சி, ஒரு கிளாஸ் விஸ்கி... எனக்குச் சமையல் என்றால் கொண்டாட்டம். சாவு வீட்டிலும் அடுப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதுதான் வினை.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டுகிறாள். "அம்மம்மா, இதையும் கட்டாயம் போடோணுமோ?" என்கிறாள். போடு பிள்ளை, போடு.

தம்பி இருபது வருஷம் மொன்றியலில் ஒரு கேஜன் சாப்பாட்டுக் கடையில் குக். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துச் சமையலாம். மாவைப் பட்டரில் சிவக்க வறுத்து, வெங்காயம், செலரி, குடைமிளகாய், இறால் போட்டு, கடைசியில் கிரீம் விட்டு ஒரு சோஸ் வைப்பான் பாருங்கள்! மீனைத் தனியாகப் பொரித்து, அதற்கு மேல் ஊற்றுவான்.

"குழம்புக்கை அவியாத மீனும் ஒரு மீனோடா?" என்று நக்கலடிப்பேன்.

"அக்கா, வாயைக் கதைக்க விடாமல் சாப்பிட விடுங்கோ" என்பான்.

மூன்று துண்டு சாப்பிடுவேன்!

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் அவன் வைத்த சோஸ் ஒரு டப்பா ஃப்ரீஸரில் கிடந்தது. கண்டெடுத்தவள் அவன் மகள் தர்சினி. தாயையும் முன்னமே பறிகொடுத்த பிள்ளை. ஜான்-டலோன் சந்தைக்குப் போய் மீனும் வாங்கி வந்தாள்.

"அப்பா வச்சது, மாமி. இதைத்தான் இலையில வைக்கோணும். நான் பிள்ளை பாக்கிற கார்டரிக்குப் போய் என்ர பிள்ளையை எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் சும்மா சூடு காட்டினால் காணும்."

ஓம் என்றேன். ஓம் என்றுதான் சொன்னேன்...

படைக்கிற சாப்பாட்டை ருசி பார்க்கக் கூடாது. மணம்தான் மூக்குக்கு வந்தது. பட்டர், இறால், மிளகு — புளிப்பு மணம் மட்டும் இல்லை. கடைசியில் தேசிக்காய் பிழிவானே? உடம்புக்கு ஏலாத வருத்தக்காரன், மறந்திருப்பானோ? என் தம்பியின் இலையில் மீன் சப்பென்று கிடக்கலாமா? பக்கத்தில் குழம்புக்குக் கரைத்த பழப்புளி இருந்தது. ஒரு கரண்டி. பிறகு இன்னொன்று.

கண்ணுக்கு முன்னால் கிரீம் திரைந்தது. எண்ணெய் ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கம்.

தர்சினி வந்து சட்டியைப் பார்த்தாள்.

"என்ன விட்டனீங்கள், மாமி?"

"கொஞ்சம் புளி, பிள்ளை... மீனுக்கெண்டு..."

"அப்பா தேசிக்காயைத் தட்டிலதான் பிழியிறவர், மாமி. சட்டிக்கை இல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். மீனைப் பொரித்தாள். வெறும் மீனைத்தான் இலையில் வைத்தாள்.

அன்பு என்று சொல்லிக்கொண்டு அடுத்தவரின் சட்டிக்குள் கை வைக்கிற ஆட்கள் நாங்கள். அதைத் திருத்தம் என்று வேறு சொல்லுவோம். செத்தவனையும் விட்டுவைக்கிறோமா?

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தர்சினி மட்டும் குசினியில் நின்றபடியே அந்தத் திரைந்த சோஸைக் கரண்டியால் எடுத்து எடுத்துச் சாப்பிட்டாள். சட்டி வழித்து முடியும்வரை சாப்பிட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கு நானும் ஒரு வாய் சாப்பிட்டிருப்பேன்.