நாலு பின் வயர்

மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் உதிரி உதிரியாகத்தான் வந்தது. முழுதாக வாங்கினால் கடைக்காரன் நம் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான் என்று என் கொழுந்தன் தன் அண்ணனிடம், அதாவது என் கணவரிடம், அடித்துச் சொல்லியிருந்தான். கொழுந்தன் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் முடித்தவன். சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு எத்தனை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பொறாமை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அண்ணனும் தம்பியும் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் மாதிரி கொழுந்தன் திரும்பாமலே கையை நீட்டுவான். கம்பெனியில் இருபது பேரை மேய்க்கும் என் கணவர் பவ்யமாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுப்பார். மூன்று மணிக்கு சுவிட்சைப் போட்டார்கள். உள்ளே ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"ஃபேன் சுத்துதுல்ல? அப்ப பவர் பக்கம் பிரச்சனையே இல்லண்ணா. ரேம் சரியா உக்காரல, அவ்ளோதான்" என்றான் கொழுந்தன்.

ரேமைக் கழற்றி, என் அழிரப்பரை வாங்கித் தேய்தேய் என்று தேய்த்து மாட்டினான். கறுப்பு. இடம் மாற்றி மாட்டினான். கறுப்பு.

"கூடவே ஒரு புத்தகம் வந்துச்சே, அதைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"மேனுவல்லாம் தெரியாதவங்களுக்கு அண்ணி."

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு உறைத்தது.

மாடி வீட்டில் ஒரு சார் இருந்தார், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கழுத்திலிருந்து அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்றாதவர். இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கும். ரீ-இன்ஸ்டால் பண்ணிடுங்க" என்றார். ஓ.எஸ். சிடி இன்னும் உறைகூடப் பிரிக்காமல் டீப்பாய் மேல் கிடந்தது. இந்த அரிய கருத்துக்காக அவருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். படம் பார்த்துப் பாகங்களைக் குறிப்பது எனக்குப் புதிதல்ல. பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது: பெரிய பவர் வயர் தவிர, பிராசஸருக்கென்று நாலு பின் உள்ள சின்ன வயர் ஒன்றையும் தனியாகச் செருக வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த வயர் மற்ற வயர்களோடு ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது. அழகாகக் கட்டியிருந்தான், அதைச் சொல்ல வேண்டும்.

புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு இட்லிக்கு ஊறப்போட்டேன்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்து, பவர் சப்ளைதான் போயிருக்கிறது என்று தீர்ப்பை மாற்றிச் சொன்னான். அந்த இரும்புப் பெட்டியைக் கழற்றினார்கள். செவ்வாய்க்கிழமை என் கணவர் லீவு போட்டு, அதை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, உதிரிபாகம் வாங்கிய ரிச்சி தெருக் கடைக்கு ரயிலேறினார். வாசலில் நின்று வழியனுப்பினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டும், சிரித்தவர்தானே என்று இருந்தது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு, ஐந்து மணிக்குத் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைக்காரன் அங்கேயே டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டான். 'இது நல்லாத்தான் கீது சார், வூட்ல இன்னா பண்ணீங்கோ'ன்னு கேக்கறான். சுத்தி நின்னவன்லாம் சிரிக்கிறான்" என்றார். குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீ கொஸ்டின் பேப்பர் அடிக்க பிரவுசிங் சென்டர்ல போய் உக்காரக் கூடாதுன்னுதான் வாங்கினேன். எனக்கு ஒண்ணும் ஒழுங்கா வராது போல" என்றார்.

நான் எதிர்பார்த்திருந்த திருப்தி வரவில்லை.

"அதை மறுபடி மாட்டுங்க" என்றேன். மாட்டினார். ரப்பர் பேண்டை அறுத்து நாலு பின் வயரை நானே செருகினேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு 'பீப்'. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"புத்தகத்துல இருக்கு."

"எப்ப பாத்த?"

"இப்பத்தான், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றேன். கூசாமல் வந்தது பொய். அவர் நம்பினார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

கொழுந்தனுக்குப் போன் போட்டோம். "அதான்ணா, அதைத்தான் நான் அடுத்து பாக்கலாம்னு இருந்தேன்" என்றான். இரண்டு மாதம் கழித்து, கூடுவாஞ்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கக் கிளம்பிப் போனான். அந்த வீட்டு அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை.