நன்மை வாங்காத அக்கா

எங்கள் குப்பம் சாந்தோமுக்குத் தெற்கே கடலை ஒட்டி இருந்தது. சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் நாலு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் இதை நானே எழுதுகிறேன். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத்தான் வசதி.

என் புருஷனின் அண்ணன் பெண்சாதியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் புருஷன் ரங்கூனுக்கு மூட்டை தூக்கப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நானும் அவளும் காலையில் மீன்கூடையோடு மயிலாப்பூர் போவோம். மீந்தால் மாம்பலம் வரைக்கும் நடை. அங்கே அப்போதுதான் மனை பிரித்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வெறும் வயிறு. கடைவாயில் ஒரு துண்டு புகையிலை அடக்கிக்கொண்டால் மத்தியானம் வரைக்கும் பசி தெரியாது. எனக்கு முதல் துண்டு கொடுத்ததே அக்காதான். தலைப்பிள்ளை பெற்ற புதிதில் ரோட்டில் மயங்கி உட்கார்ந்துவிட்டேன். "இத்த அடக்கிக்கோடி. முழுங்காத, துப்பு" என்றாள். அவளுக்கு எங்கள் மாமியார் கொடுத்தாளாம்.

ஆண்களுக்கும் அதே புகையிலைதான். கட்டுமரத்தில் பீடி நனைந்துபோகும். கரையில் ஒருத்தன் மடியை அவிழ்த்தால் நாலு கை நீளும், வாங்காதவன் சண்டைக்காரன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தாலும் கோயில் வாசலிலேயே நின்று பொடி போட்டுத் தும்முவார்கள். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நற்கருணை அப்பத்தை நாங்கள் நன்மை என்போம். அதை அவர்கள் ஈஸ்டருக்கு ஒருதரம் வாங்கினால் அதிகம். ஏன்டா வாங்கவில்லை என்று எவனையும் எவரும் கேட்டதில்லை.

பெண்களுக்கு அப்படி இல்லை, வாராவாரம் வாங்கியாக வேண்டும். நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் இருந்து நன்மை வாங்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அக்காவுக்குப் புகையிலை இல்லாமல் தூக்கம் வராது. விடிந்து எழுந்தாலும் கன்னத்தில் இருக்கும். ஆகையால் பெண்கள் வரிசையாக எழுந்து போகும்போது அவள் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலிலேயே இருப்பாள்.

நன்மை வாங்காதவள் சாவான பாவத்தில், நரகத்துக்குப் போகிற பாவத்தில், இருக்கிறாள் என்பது ஊர்க் கணக்கு. புருஷன் ரங்கூனில். அப்புறம் கேட்க வேண்டுமா? கருவாடு காயவைக்கிற இடத்தில் உட்கார்ந்தபடியே அவளுக்கு ஆளும் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி உப்பு வண்டிக்காரன் என்றாள், இன்னொருத்தி அவன் தம்பி என்றாள். நாசமாய்ப்போன வாய்கள்.

"கொப்புளிச்சிட்டு வந்து வாங்கிக்கியேன்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"சாமிக்குத் தெரியாதாடி? எச்ச வாயில எப்பிடி வாங்கறது?"

"அப்ப பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிடு."

"இனிமே போடமாட்டேன்னு சொல்லணுமே. வுட முடியலியே, இன்னா பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. விடியலில் ஒரு துண்டு, கோயில் கிணற்றடியில் மூன்று கொப்புளிப்பு, நேராகப் போய் நாக்கை நீட்டுவது: வாராவாரம் நான் செய்தது இதுதான். குப்பத்தில் எனக்கு ரொம்ப நல்ல பெயர்.

பிறகு அக்காவின் கன்னத்தில் புண் வந்தது. ஆறவில்லை. ஆறு மாசத்தில் பாயோடு கிடந்தாள். வலிக்கு எங்களுக்குத் தெரிந்த மருந்தும் அந்தப் புகையிலைதான். கடைசி நாள் காலையில் கண்ணாலேயே கேட்டாள். நான் என் சுருக்குப்பையிலிருந்து கிள்ளி, புண் இல்லாத கன்னத்தில் வைத்தேன். அடுத்த நிமிஷம் வெளியே மணிச்சத்தம். யாரோ போய்ச் சொல்லி, சாகிறவளுக்கு அவஸ்தை எண்ணெய் பூசச் சாமியார் வந்துவிட்டார். நன்மையும் கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே குடிசை நிறையப் பெண்கள்.

எண்ணெய் பூசிவிட்டு நன்மையை நீட்டினார். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். மறுபடியும் நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன்டி என்கிற பார்வை. "சாமி, வாயில பொகயில கீது." அவ்வளவு சொன்னால் போதும். வைத்தது யார் என்று கேட்பார்களே, என் பையும் என் ஞாயிற்றுக்கிழமைகளும் வெளியே வந்துவிடுமே என்று பயந்து சும்மா நின்றேன்.

"பாத்தியா, சாவறப்போகூட வாணாம்னுட்டா" என்றாள் பின்னால் ஒருத்தி. மத்தியானம் அக்கா செத்துப்போனாள்.

நாலு மாசம் கழித்து அவள் புருஷன் ரங்கூனிலிருந்து வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நன்மை வாணாம்னுட்டாளாமே, நெஜமா?"

தலையாட்டியது நிஜம்தானே. "ஆமா மாமா" என்றேன்.

அவர் கல்லறைப் பக்கமே போகவில்லை. அவள் மேட்டில் நட்ட மரச்சிலுவை அடுத்த மழையில் சாய்ந்தது. யாரும் நிமிர்த்தவில்லை. நானும் நிமிர்த்தவில்லை.

வெகு வருஷம் கழித்து, தலை நரைத்தபின், புதிதாக வந்த ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சாகக் கிடக்கிறவங்களுக்கு அந்த உபவாசமே கிடையாதும்மா. நீ சொல்லியிருந்தா, அதைத் துப்பச் சொல்லிட்டுக் கொடுத்திருப்பார்" என்றார்.

அந்த ஞாயிறு வரிசையில் போய் நின்றேன். நாக்கை நீட்டப்போகையில் எதிரே அக்காவின் இறுகிய உதடு. திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுந்து போனதில்லை. எல்லாப் பெண்களும் போகும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலிலேயே இருக்கிறேன். என்னைப் பற்றி யாரும் எதுவும் பேசுவதில்லை. கிழவிக்கு முட்டிவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.