ஜெயமேரி டீச்சரும் பாதாம் மரமும்

படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து டவுன் பஸ்ஸில் நான் ஜன்னல் ஓரத்தில்தான் உட்காருகிறேன். கடைப் பலகை, சுவர் விளம்பரம், லாரியின் முதுகு, எது வந்தாலும் எழுத்துக் கூட்டுவேன். கூட்டி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். மீதியை மறுநாள் படிப்பேன். போன வாரம் கடலூரில் சிக்னலில் பஸ் நின்றபோது சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி. 'ஜெ' வந்தது, 'ய' வந்தது. 'மேரி' என்று கூட்டி முடித்த பிறகுதான் மேலே இருந்த 'கண்ணீர் அஞ்சலி'யைப் படித்தேன். படத்தைப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். எனக்கு இப்போதெல்லாம் எழுத்துதான் முதலில் கண்ணில் படுகிறது. அதற்குக் காரணமும் டீச்சர்தான்.

நம் மாலை வகுப்பில் படித்த எல்லோருக்கும் டீச்சரைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் மூன்று நாள் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, நம்மைப் போன்ற கிழங்களை எழுத வைத்தவர். ஆனால் நான் அந்த வகுப்புக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. வெட்கத்தில் சொல்லாமல் இருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஓர் அலுவலகத்தில் தோட்ட வேலை. வாசலில் பெரிய பாதாம் மரம். மனு கொடுக்க வருகிறவர்கள் அதன் நிழலில்தான் உட்காருவார்கள். மாசி மாதம் இலையெல்லாம் சிவந்து கொட்டும். காலையில் கூட்டினால் பத்து மணிக்கு மறுபடி குப்பை. மரம் மொட்டையான அன்று, முதுகு வலியும் எரிச்சலுமாக கிளார்க்கிடம், "இது பட்டுப்போன மரம் சார், வெட்டிப்போட்டா நிம்மதி" என்றேன். அவர் அதையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். "நீ சொன்னததான் எழுதியிருக்கேன் கலியபெருமாள். வை." கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். இரண்டு நாளில் அடிமரத்தில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வெட்ட ஆள் வரும் என்றார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது ஒரு உயிருக்கே உலை வைத்துவிட்டது.

அன்று பென்ஷன் விஷயமாக அங்கே வந்தவர்தான் டீச்சர். குறியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இது செத்துப்போச்சுன்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"நான்தாம்மா."

"பாத்தீங்களாண்ணே?"

"பாக்க என்னம்மா இருக்கு? ஒரு எலைகூட இல்லியே."

அவர் குனிந்து ஒரு சிவப்பு இலையை எடுத்து, காம்பின் அடியை என் விரலால் தடவச் சொன்னார். கிழிசல் இல்லை, வழவழவென்று இருந்தது. தாழ்ந்த கிளையில் அப்படி ஓர் இலை இருந்த இடத்தையும் காட்டினார். வட்டமான தழும்பு, நன்றாக மூடியிருந்தது.

"போன புயல்ல ஒடிஞ்சு தொங்குன கிளைங்கள பாத்திருப்பீங்களே. அதுல எலை கொட்டிச்சா?"

யோசித்தேன். என் வீட்டு மாங்கிளை ஒன்று ஒரு மாதம் ஒடிந்து தொங்கியது. "இல்லம்மா. காஞ்சு கருகி, அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. பிச்சாதான் வந்திச்சு."

"அவ்ளோதாண்ணே. செத்த கிளைக்கு எலைய விடத் தெம்பு இல்ல. உயிர் இருக்கற மரந்தான் காம்ப அறுத்து, அந்த எடத்த மூடி, கீழ போடும். வீடு காலி பண்றவுங்க சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டுதானே கதவ சாத்துவாங்க? இதுவும் எலையில இருந்த சத்த உள்ள இழுத்துக்கிச்சு. பச்சை போச்சு, செவப்பு தெரிஞ்சிது."

"இத நீங்க ஆபீசர்கிட்ட வந்து சொல்லுங்கம்மா."

"நான் எதுக்கு? வாய விட்டது நீங்க. தொணைக்கு வேணா வரேன்."

அதிகாரி தாளை எடுத்துக் காட்டினார். "நீதானய்யா கைநாட்டு வெச்சிருக்க?"

"பாக்காம சொல்லிட்டேன் சார்" என்றேன். இலைக்காம்பு, மாங்கிளை எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினஞ்சு நாள் தரேன். அதுக்குள்ள ஒரு துளிர் காட்டு" என்றார் அதிகாரி.

தினமும் காலையில் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொண்டது. "இன்னா மாமா, மரம் எதாச்சும் பேசிச்சா?" என்று வாட்ச்மேன் கேலி செய்வார். பன்னிரண்டாம் நாள் கிளை நுனியில் விரல் நகம் அளவுக்குப் பச்சை. அதிகாரி வெளியே வந்து பார்த்துவிட்டு, "அந்தக் குறிய அழிச்சிடு" என்றார். என் வேட்டி முனையாலேயே அழித்தேன்.

போனில் டீச்சரிடம் சொன்னேன். "மரம் பொழச்சிடுச்சு. என்னா எழுதியிருக்குன்னு தெரியாம விரல வெக்கறீங்களே, நீங்க எப்ப பொழைக்கறது? திங்கக்கெழம வகுப்புக்கு வாங்க" என்றார்.

வகுப்பில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் வெளியே பூவரசு இலைகள் புரண்டு வெளுப்பாகத் தெரிந்தபோது, "எலை திரும்பிச்சு டீச்சர், மழை வருது, வுட்டுடுங்க" என்று கமாலுதீன் பாய் எழுந்தாரே. "மழை வரும்னு எலைக்குத் தெரியாது பாய். காத்து வேற பக்கம் அடிச்சா காம்பு புரளும், அடிப்பக்கம் தெரியும். மழை வரலாம், வராமயும் போலாம். உக்காருங்க" என்றார். மழை கொட்டித் தீர்த்தது. டீச்சர் பஸ் நிலையம் வரை நனைந்துகொண்டே போனார். "இன்னிக்கு எலை ஜெயிச்சிடுச்சு" என்று எவ்வளவு சிரித்தார்!

எழுத வந்ததும் நான் செய்த முதல் காரியம், கிளார்க்கிடம் அந்தப் பழைய தாளைக் கேட்டதுதான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். "பழைய ஃபைல்ல கிறுக்கக் கூடாதுய்யா" என்று சொல்லி அவரே ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். 'மரம் உயிரோடு இருக்கிறது. கலியபெருமாள்' என்று எழுதி அதனுடன் சேர்த்துக் கட்ட வைத்தேன். இதை டீச்சரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: "பாத்துட்டு எழுதுனீங்களா?" அன்று மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றில்லை, கேட்டால் தருவேன். இதை எழுத உட்காரும் முன்பும் அந்த அலுவலகம் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது ஆடி. மாசியில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை என்று வருஷத்தில் இரண்டு தடவை கொட்டும் மரம் அது. பாதி இலை சிவந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் மரம் மொட்டையாகிவிடும். கொட்டட்டும்.