பிரிஞ்சுதா தம்பி?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் எல்லோருக்கும் ஹீலியம் அண்ணன். காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் ஊற்றுவது அவர் வேலை, பத்தொன்பது வருடம். குழாயை உள்ளே இறக்கும்போது காதைச் சாய்த்துக் கேட்பார். சீறல் ஏறினால், "அவசரப்படாதடி" என்று காந்தத்தை அதட்டுவார். வீட்டில் அண்ணி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

அந்தக் காந்தத்துக்குள் நான் வைப்பது சில அணுக்களே தடிமனான குறைக்கடத்தித் தகடு. காந்தப்புலம் ஏற ஏற, அதில் ஓடும் எலெக்ட்ரான்கள் தம் சுழற்சிக்கேற்ப இரண்டு கட்சியாகப் பிரிய வேண்டும். திரையில் வரைகோட்டின் ஒற்றை முகடு இரண்டாக வேண்டும். அண்ணன் பள்ளிப் படிப்போடு நின்றவர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்பார்: "பிரிஞ்சுதா தம்பி?"

நான்கு வருடமாகப் பிரியவில்லை. "ரொம்ப ஒத்துமையான குடும்பம்ப்பா உன் தகடு" என்பார். ஆராய்ச்சி உதவித்தொகை முடியப்போகிறதே என்று நான் பதறினால், "நாளைக்குப் பிரியும். முதல்ல போய்ச் சாப்பிடு."

சென்ற மழைக்காலத்தில் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். காந்த அறையின் தரையில், வாசலை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு உண்டு. காந்தம் கருவியைக் குழப்பிவிடும் என்பதால் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதைத் தாண்டக் கூடாது. அதற்குப் பெயின்ட் அடித்தவரே அவர்தான்.

"இத்தனை வருஷம் நான் சொல்லிக் கேக்கல. இப்ப பேட்டரி சொன்னா கேக்குறாரு," என்றார் அண்ணி. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். போன செவ்வாய்க்கிழமை, புதிய ஆள் குழாய் இறக்கும் நேரம் பார்த்து வந்து, கோட்டில் ஷூ நுனி படாமல் நின்றார். சீறல் ஏறியது.

"மெதுவா இறக்குப்பா. மெதுவா."

அடங்கியது. பிறகு புலத்தை ஏற்றினேன். ஒன்பது டெஸ்லாவில், முகட்டின் நடுவே ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.

"பிரிஞ்சுதா தம்பி?"

"பிரிஞ்சிருச்சுண்ணே!" திரையை வாசல் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியை ஏற்றி, இறக்கி, கழுத்தை மட்டும் கோட்டுக்கு மேல் நீட்டப் போய், சட்டெனப் பின்வாங்கினார்.

"இங்கேருந்து ஒண்ணாத்தான் தெரியுது."

அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வாங்கவில்லை.

"நடக்கும்போது பாக்கணும்னு இருந்தேன் தம்பி. காகிதத்துல என்ன இருக்கு?"

பிறகு என்னைத் தாண்டி உள்ளே பார்த்துச் சொன்னார்: "ஏம்ப்பா, அந்தக் குழாயைத் துடைச்சு வை. ஈரம் உறைஞ்சா அடைச்சுக்கும்."

கிடங்குச் சாவிகள் குலுங்கும் சத்தம் நடைபாதை முடியும்வரை கேட்டது.