பீரோ மேல் ஒரு குடை

கிடங்குக் காவலாளி கம்பு சுற்றுவதில் சூரர். கூட்டாளிகள் அவரைக் 'கம்புக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் ராத்திரி வேலை. வீட்டில் மனைவி தனியாக. யாராவது புகுந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"கம்புக்கு எங்கே போறது?" என்றாள் அவள்.

"கைக்கு நீளமா எது கிடைச்சாலும் கம்புதான்."

தரை துடைக்கும் மாப்பை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் குறுக்கே நிறுத்தக் கற்றாள். கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் தட்டக் கற்றாள். குடைதான் அவளுக்குப் பிடித்துப்போனது: நுனியால் விலாவில் ஒரு குத்து, வளைந்த பிடியால் கணுக்காலில் ஓர் இழுப்பு, பிறகு வாசலைப் பார்த்து ஓட்டம். முதல் நாளே டியூப் லைட் உடைந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். திருடன் என்று ஒருத்தனும் வரவில்லை.

மறதிதான் வந்தது. எழுபது வயதில் அவளுக்குக் கட்டியவர் முகமே மறந்துபோனது. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. அவர் குளித்துவிட்டு வெளியே வந்தால், "யாருடா நீ, எப்படி உள்ள வந்தே?" என்று குடையைத் தூக்கிவிடுவாள். விலாவில் சரியாக ஒரு குத்து. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். தடுக்க அவருக்கு அரை நொடி போதும். ஆனால் தடுத்தால் அவள் மணிக்கட்டு திருகும். அந்த வயசு எலும்பு தாங்குமா? வாங்கிக்கொண்டு நின்றார். வலியிலும் பாழாய்ப்போன கண் அவள் பாதத்தைத்தான் பார்த்தது. அவர் சொல்லிக் கொடுத்தபடியே கச்சிதமாக வைத்திருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மகள் ஒருநாள் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"இன்னொரு காயம் பார்த்தேன்னா அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்பா. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அவ என்கூடத்தான் இருக்கணும்."

குடை பீரோ மேல் ஏறியது. மாப்பும் கரண்டியும் பூட்டுக்குள் போயின. அப்படியும் அவள் நாளிதழைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அவள் அடிக்க மட்டும் செய்தாள். அதுவே போதும் என்றிருந்தார்.

ஒரு காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது அவள் எழவில்லை. நாற்காலியில் இருந்தபடியே பார்த்தாள். பயமில்லை, கோபமில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் குடையை இறக்கினார். தூசியைத் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"யாரோ வீட்டுக்குள்ள வந்திருக்கான் பாரு. குத்து."

அவள் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைக்கும் மறந்துபோயிருந்தது. பிறகு அதை அவரிடமே நீட்டினாள்.

"வெளியே மழையா? நனையாம போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு காயமும் இல்லை.

"இப்ப பரவாயில்லைப்பா. அம்மா இங்கேயே இருக்கட்டும்," என்றாள்.

அவர் கேட்டதும் அதைத்தானே. சரி என்று தலையாட்டினார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.