கேட் ஏழு மணிக்கா, ஒன்பது மணிக்கா?

பள்ளிக்கூட ஆபீஸில் போன் எடுக்கிற வேலை என்பது, நமக்கு யாரும் சொல்லாத விஷயத்தை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்கிற வேலை. எங்காவது ஒரு பள்ளியில் ஒரு மேஜை, ஒரு போன், ஒரு பிரஷர் மாத்திரை டப்பா என்று உட்கார்ந்திருக்கும் சக கிளார்க்குகள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நான் வேலை பார்ப்பது தாராவியில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளி. கட்டடம் ஒன்று, ஷிப்ட் இரண்டு. காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை சின்ன வகுப்புகள். அவர்கள் எழுந்து போன பெஞ்சின் சூடு ஆறுவதற்குள் பெரிய வகுப்புகள் வந்து உட்கார்ந்துவிடும். நான் கிளார்க்தான், ஆனால் கேட்டுக்கு வெளியே எல்லோருக்கும் டீச்சர். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது.

கிரைண்டர் நின்றது

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிவிட்டு, சுனாபட்டியில் இருக்கும் வீட்டுக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். பள்ளிக்குப் பக்கத்துச் சந்தில் ராசாத்தியக்கா வீடு. விடிவதற்கு முன்பே இட்லி அவித்து, தெருவில் விற்கிறவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறவர். சாயங்காலம் மாவாட்டுவார். அப்போது கிரைண்டரை மீறி டிவி அலறிக்கொண்டிருக்கும். என்னைப் பார்த்ததும் கிரைண்டரை நிறுத்தினார். அவர் அதை நிறுத்தினால் சாதாரண விஷயமாக இருக்காது.

மந்திரி ஒருவர் பேட்டி கொடுத்திருக்கிறாராம். பிள்ளைகள் நன்றாகத் தூங்க வேண்டும், அதனால் வருகிற திங்கட்கிழமையிலிருந்து சின்ன வகுப்புகளை ஒன்பது மணிக்கு முன்னால் எந்தப் பள்ளியும் தொடங்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை. சின்னவர்கள் ஒன்பதுக்கு வந்தால் பெஞ்சு எப்போது காலியாகும்? பெரிய பெண்பிள்ளைகள் எந்த இருட்டில் வீட்டுக்குப் போவார்கள்? “எனக்குத் தெரியவே தெரியாதே அக்கா” என்றேன். அவர் நம்பவில்லை.

“மறைக்காத டீச்சர். அடுப்புக்கு முன்னால கெடக்க எனக்கே தெரிஞ்சிருக்கு, பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்க ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?”

பேச்சியம்மாளின் இரண்டு மணி நேரம்

எங்கள் பிரின்சிபால் மேடம் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். அன்று ராத்திரியே போன் செய்தேன். “டிவியப் பாத்து பெல் அடிக்கப்படாது வசந்தா, லெட்டர் வரட்டும்” என்று வைத்துவிட்டார். அவருக்கு லெட்டர் வரவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். அவரால் அப்படித் தூங்க முடியும். என்னால் முடியாது, காலையில் கேட்டில் நிற்கப் போவது நான்தானே.

நினைத்தபடியே மறுநாள் காலையில் பெற்றோர் வந்து நின்றார்கள். முதலில் பிடித்துக்கொண்டது பேச்சியம்மாள். இரண்டாம் வகுப்பு இசக்கியின் அம்மா. நாங்குநேரிப் பக்கத்துக்காரர், மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். ஏழு மணிக்கு மகளைச் சந்துத் திருப்பத்தில் இறக்கி, அவள் கேட் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டே ஓடுவார். முதல் வீட்டுக்காரர்கள் ஆபீஸ் கிளம்புவதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த வீடு போய்விடும். கணவர் டெம்போ லோடுக்குப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. இருக்கிற கோலியோ, அதாவது ஒற்றை அறை வீடோ, மாடியில், செங்குத்தான இரும்பு ஏணிக்கு மேலே. ஏழு வயதுப் பிள்ளையை அங்கே தனியாக வைத்துப் பூட்டவும் முடியாது, பூட்டாமல் விடவும் முடியாது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“ஒரு மாசம் முன்னக்கூட்டிச் சொல்லியிருந்தா வீட்டுக்காரம்மாட்ட கெஞ்சி டைம மாத்தியிருப்பேன். திங்கக்கெழமைன்னா நான் யார்ட்ட போயிக் கேக்க, டீச்சர்?”

மேலிடத்துக்கும் மேலே டிவி

அன்று முழுக்க போன். என் காது சிவந்தே போய்விட்டது. பொறுக்க முடியாமல் கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனிதர், ஆனால் அவர் குரலும் என் குரல் மாதிரியே நடுங்கியது. உத்தரவின் நகல் கிடைக்குமா என்று கேட்டேன். அவரும் டிவியில்தான் பார்த்தாராம். சரி, இப்படி திடீரென்று சொல்லாமல் பள்ளிகளுக்கு மட்டுமாவது கொஞ்சம் முன்னால் சொல்லக் கூடாதா என்றேன். முன்னால் சொன்னால் எல்லாப் பள்ளியும் முன்னாலேயே மறுத்து மனுக் கொடுக்கும், அப்புறம் எதையும் அறிவிக்கவே முடியாது என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுப்பதற்காக நான் கேட்கவில்லை, ஒரு பிள்ளையை இரண்டு மணி நேரம் எங்கே வைப்பது என்று யோசிக்கத்தான் கேட்டேன்.

போனை வைக்கும் முன் அவர் மராத்தியில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். “உங்களுக்கு அந்த லெட்டர் எங்கேயாவது கிடைத்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள் மேடம்.”

வேன் அண்ணன் கணக்கு

வடாலாவிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரும் வேன்காரர் வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குள்ளேயே வந்துவிட்டார். எங்களுக்கு ஏழு மணி, இன்னொரு பள்ளிக்கு எட்டு, மூன்றாவதுக்கு ஒன்பது. இப்படி ஒரே வேனை வைத்துப் பிழைக்கிற மனிதர். நான் அவரை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். பதில் இல்லாதபோது நான் டீ வரவழைப்பது வழக்கம்.

“எல்லாருக்கும் ஒம்பதுன்னு அறிவிச்சிட்டாங்க, சரி. நான் என்ன, வண்டிய மூணு பீஸா அறுக்கவா?”

போன தடவை, இந்தத் தடவை

சனிக்கிழமை மேடத்தின் உறுதி ஆட்டம் கண்டது. மீறினால் நடவடிக்கை என்பதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். திங்கட்கிழமை யாராவது சோதனைக்கு வந்து, நாங்கள் ஏழு மணிக்கே பிள்ளைகளை உட்கார வைத்திருந்தால் என்ன ஆவது? லெட்டர் இல்லாமலே ஒன்பது மணி என்று முடிவானது. கேட்டைத் திறக்கும் ஆயாவை, நாங்கள் கூப்பிடுவது போலச் சொன்னால் மாவ்ஷியையும், எட்டரைக்கு வரச் சொன்னோம்.

எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமும் இல்லை, சிலருக்குப் படிக்கவும் வராது. அதனால் அறிவிப்பையெல்லாம் வாட்ஸப் குரூப்பில் நான் பேசித்தான் அனுப்புவேன். “ஸ்கூல் ஆபீஸ்லருந்து பேசுறேன், திங்கட்கிழமை ஒன்பது மணி” என்று பேசி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது டிவியில் அடுத்த செய்தி. ஒன்பது மணி உத்தரவு நிறுத்திவைப்பு, மறுபரிசீலனை. மேடத்துக்கு போன் அடித்தேன். ஒருதடவை டிவியை நம்பி மாற்றிவிட்ட வருத்தத்தில் இருந்தார். இந்தத் தடவை கறாராக இருந்தார். நானும் மறுபடி பேசி அனுப்பினேன், டிவியைப் பார்க்காதீர்கள், ஒன்பதுதான் என்று. எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் கேட்கவில்லை.

மேடம் சொன்னது இது. “மாத்தறதுக்குத்தான் லெட்டர் இல்லே. மாத்தினத மாத்தறதுக்காவது ஒரு லெட்டர் வேணுமோ வேண்டாமோ, நீயே சொல்லு.”

பைகள் இருந்தன

திங்கட்கிழமை மனசு சரியில்லை என்று சீக்கிரமே கிளம்பி, எட்டு மணி வாக்கில் பள்ளிக்கு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. கேட்டின் அடியில், சுவரை ஒட்டி, ஒன்றன் பின் ஒன்றாகப் பள்ளிப் பைகள். ஏழெட்டு இருக்கும். முதலில் இருந்தது இசக்கியின் பை, அதன் ஜிப் அறுந்து பேச்சியம்மாள் ஊக்குக் குத்தியிருப்பது எனக்குத் தெரியும். பைகள் இருந்தன. ஒரு பிள்ளையும் இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதையெல்லாம் எழுத மாட்டேன். நாங்கள் இருப்பது டெம்போவும் கைவண்டியும் உரசிக்கொண்டு போகிற சந்து, அதைத் தாண்டினால் பெரிய ரோடு. பேச்சியம்மாளுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வேலை செய்யும் வீட்டில் போனைப் பைக்குள் போட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுவார் என்று அவரே சொல்லியிருக்கிறார். மறுபடி அடித்தேன். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமலே அடித்துக்கொண்டிருந்தேன். “இசக்கி” என்று சந்தைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

பக்கத்துச் சந்திலிருந்து ராசாத்தியக்கா எட்டிப் பார்த்து, என்ன இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கே, இங்கன வா என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். அவர் வீட்டுக்குள் ஆவிக்கு நடுவில் எங்கள் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். யாரும் தொலையவில்லை. அந்தப் பக்கத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு வழக்கம் உண்டு. குடத்தை வரிசையில் வைத்து நம்பர் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி, யாரும் தாண்ட மாட்டார்கள். இரண்டு வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த இசக்கி, பூட்டிய கேட்டைப் பார்த்ததும் பையை வைத்து நம்பர் போட்டிருக்கிறாள். பின்னால் வந்தவர்களும் அவள் பைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். ரோட்டுப் பக்கம் போகவிருந்தவர்களை அக்கா பிடித்து உள்ளே உட்கார்த்தியிருக்கிறார்.

இசக்கி என் அழுகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு வேறு கவலை.

“எம் பைக்கு முன்னால யாரும் வைக்கலல்ல, டீச்சர்?”

கேட்டின் சாவி

மத்தியானம் பேச்சியம்மாள் மூச்சு வாங்க வந்தார். போனில் என் எண்ணை வரிசையாகப் பார்த்ததும் கடைசி வீட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அவர் போனில் நெட் தீர்ந்து போனதால் என் குரல் போய்ச் சேரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போன வீட்டில் டிவி பார்த்த அம்மாள், பழைய டைம்தானாம் என்று நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். மகளை அணைத்துக்கொண்டு அவள் பையின் ஊக்கைச் சரியாகக் குத்திவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மேடமும் அங்கேயே இருந்தார். மேஜை டிராயரிலிருந்து கேட்டின் இரண்டாவது சாவியை எடுத்து ராசாத்தியக்காவிடம் கொடுத்துவரச் சொன்னார். வகுப்பு எந்த மணிக்கு ஆரம்பித்தாலும் கேட் ஏழு மணிக்கு முன்னால் திறந்திருக்கும், மாவ்ஷி வரத் தாமதமானால் அக்கா திறப்பார். இதற்கு லெட்டர் வேண்டாமா மேடம் என்று கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டேன். பேச்சியம்மாள் போகும்போது திரும்பி நின்றார்.

“ஏழோ ஒம்பதோ, எதுன்னாலும் ஓடிக்கிடுவோம் டீச்சர். பிள்ளைய எங்க நிறுத்திட்டு ஓடணும்னு மட்டும் முன்னாலயே சொல்லிருங்க.”

லெட்டர் வந்தது

அடுத்த வாரம் உத்தரவு ஒருவழியாக வந்தது. நிறுத்திவைத்ததைப் பற்றியது இல்லை, ஒன்பது மணித் திட்டத்தை அமல்படுத்தச் சொல்லும் பழைய லெட்டர் மட்டும். கடைசி வரியில், மாற்றத்தைப் பெற்றோருக்குப் போதிய கால அவகாசத்துடன் முன்கூட்டியே தெரிவிப்பது பள்ளியின் பொறுப்பு என்று இருந்தது. கேட்டிருந்தாரே என்று கல்வி அலுவலகத்து நண்பருக்கு அதன் நகல் ஒன்றை அனுப்பி வைத்தேன். அவர் உடனே போன் செய்தார், குரலில் அத்தனை சந்தோஷம்.

“ரொம்ப நன்றி மேடம், அப்ப ரெண்டாவது லெட்டர் வந்தாலும் நீங்கதான் முதல்ல சொல்லணும்.”

பிள்ளைகளின் தூக்க நேரத்தை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், ஆனால் அறிவிக்கப் போகிறவர்கள் இசக்கியைப் போல முன்னாலேயே எங்கள் கேட்டில் ஒரு பையையாவது வைத்து நம்பர் போட்டுவிட்டுப் போகலாம்.